ஒரே மோதிரம், நாலு எண்

ஒரே மோதிரம்தான். அமெரிக்க அளவில் அது 7. இந்தியக் கடையில் 14, ஐரோப்பாவில் 54. பிரிட்டிஷ்காரர்களோ எண்ணே சொல்லாமல் ‘என் அரை’ என்று எழுத்தில் முடித்துவிடுவார்கள். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ நிச்சயதார்த்த மோதிரம் பார்ப்பவர், லண்டனில் இருக்கும் மாப்பிள்ளையிடம் ‘சைஸ் என்ன?’ என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த ஊர்க் கணக்கு என்றும் கேட்க வேண்டும்.

பிரிட்டிஷ் வரிசையில் ‘ஏ’ என்பது 37.5 மி.மீ. உட்சுற்றளவு. அடுத்தடுத்த எழுத்துக்கு 1.25 மி.மீ. கூடும். அமெரிக்க அளவு விட்டத்தைப் பிடித்துப் போகிறது: ஓர் எண் ஏறினால் விட்டம் 0.81 மி.மீ., சுற்றளவு சுமார் 2.55 மி.மீ. கூடும். இந்திய எண்ணுக்குச் சுற்றளவிலிருந்து ஏறத்தாழ 40 கழித்தால் போதும். ஐ.எஸ்.ஓ. 8653 தரநிலைக்கு இந்தச் சுற்றுவழியே கிடையாது. உட்சுற்றளவு எத்தனை மில்லிமீட்டரோ, அதுதான் சைஸ். கடல் கடந்து சொல்லி அனுப்ப இதைவிட நல்ல எண் இல்லை.

வீட்டில் அளப்பவர்கள் நூலைவிடக் காகிதப் பட்டையை நம்பலாம். நூல் இழுத்தால் நீளும். பழைய மோதிரத்தின் விட்டத்தை ஸ்கேலில் பார்ப்பதில் இன்னொரு வம்பு. அங்கே அரை மில்லிமீட்டர் பிசகினால் சுற்றளவில் 1.57 மி.மீ. பிசகும், அதாவது ஓர் எழுத்துக்கும் மேல். கடையில் கொத்தாகத் தொங்கும் அளவு வளையங்களைப் போட்டுப் பார்ப்பதே நிம்மதி.

எப்போது போட்டுப் பார்ப்பது?

வெயிலில் நடந்து வந்த உடனே வேண்டாம். சூட்டில் தோலடி இரத்தக் குழாய்கள் விரிந்து விரல் தடிக்கிறது. குளிர்சாதன அறையில் சற்று நேரம் உட்கார்ந்தால் வடிகிறது. உப்பு தூக்கலான சாப்பாடும் கர்ப்ப காலமும் விரலை வீங்க வைக்கும். மோதிரத்தின் மேல் பழி போட முடியாது: 54 மி.மீ. தங்க வளையம் 10 டிகிரி சூடேறினாலும் 0.01 மி.மீ.கூட நீளாது. மாறுவது விரல்தான்.

கணு பெருத்த விரலுக்கு, கணுவைக் கொஞ்சம் உரசிக்கொண்டு தாண்டும் அளவு வேண்டும். பட்டை அகலமான மோதிரம் அதே சைஸிலும் இறுக்கமாகத் தெரியும். அரை சைஸ் கூட்டிக் கேட்பது வழக்கம்.

அளவு தவறினாலும் 916 தங்கமென்றால் கவலையில்லை. பத்தர் அடிப்பாகத்தை வெட்டி, ஓர் அமெரிக்க எண் கூட்ட இரண்டரை மில்லிமீட்டர் துண்டு வைத்துப் பற்றவைத்துவிடுவார். சுற்றிலும் கல் பதித்ததில் வெட்ட இடமே இருக்காது. ஆண்கள் விரும்பும் டங்ஸ்டன் கார்பைடு மோதிரத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வழியில்லை. விரலில் சிக்கிக்கொண்டால் இடுக்கியால் நெரித்து உடைத்துத்தான் எடுப்பார்கள்.