‘கோட்டை’ என்று படிக்க மூளை என்ன செய்கிறது?

செஞ்சியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ‘கோட்டை’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. கண்ணில் முதலில் படுவது இரட்டைக்கொம்பு. அது ‘ஓ’ என்ற ஓசையில் பாதிதான். அடுத்து ‘க’. அதையும் தாண்டினால் துணைக்கால், ஓசையின் மீதிப் பாதி. நடுவில் நிற்கும் மெய்யை முன்னால் இழுத்து, இருபுறமும் காவல் நிற்கும் குறிகளை ஒன்றாக்கிப் பின்னால் ஒட்டினால்தான் ‘கோ’ பிறக்கும். ‘டை’யிலும் இணைக்கொம்பு முந்தி நிற்கிறது, ஆனால் கடைசியில்தான் ஒலிக்கிறது. கண் போகிற வரிசை ஒன்று, ஓசை வருகிற வரிசை வேறொன்று. இந்த மாற்றி அடுக்கும் வேலையை ஏழு வயதுப் பிள்ளை நொடிப்பொழுதில் முடித்துவிடுகிறது!

இத்தோடு முடியவில்லை. கு, சு, நு, மு ஆகிய நான்கிலும் ஒலிப்பது ஒரே உகரம், ஆனால் ஒவ்வொன்றிலும் அதன் வடிவம் வேறு. 247 எழுத்துகளும் பார்த்தவுடன் பழகிவிட ஆண்டுகள் ஆவதில் வியப்பில்லை.

கண்ணின் வேலை இன்னும் விசித்திரம். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிவது ஏறக்குறைய அந்த விரலகலம்தான். விழித்திரையின் நடுவிலுள்ள ‘மையக்குழி’ என்ற சிறு பள்ளத்தில் மட்டுமே கூர்மையான பார்வை இருக்கிறது. அதனால் கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு இடத்திலும் கால் நொடி நிற்கும், பிறகு தாவும். தாவும் கணத்தில் மூளை பார்வையை அடக்கிவிடுவதால் எழுத்து கலங்குவது நமக்குத் தெரிவதில்லை. நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் 20 நிமிடம் படித்தால் கண் 4,000 தடவைக்கு மேல் நின்று தாவியிருக்கும்.

பேச்சுக்கு உடலிலேயே ஏற்பாடு உண்டு. எழுத்து பிறந்து ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று தனி உறுப்பு உருவாக அந்தக் காலம் போதாது. அப்படியானால் மூளை எதைக் கொண்டு படிக்கிறது? பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் சொல்லும் விடை அழகானது: பழைய இடத்தைப் புதிய வேலைக்குத் திருப்பிக்கொள்கிறது. முகங்களையும் பொருள்களையும் இனம் காணும் பகுதிகளுக்குப் பக்கத்தில், மூளையின் இடப்புறத்தில் பின்பக்க அடிப்பகுதியில், ‘சொல்வடிவப் பகுதி’ என்ற சிறு இடம் எழுத்துக்கென்று பழகிக்கொள்கிறது. தமிழானாலும் சீனமானாலும் ஏறக்குறைய அதே இடம்தான்.

வயதானாலும் இது நடக்கும். வட இந்தியக் கிராமங்களில் எழுத்தறியாத பெரியவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, ஆறு மாதம் இந்தி எழுத்து கற்பித்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில், மூளையின் ஆழத்திலுள்ள தாலமஸும் மூளைத்தண்டும்கூட பார்வைப் பகுதியோடு முன்னைவிட இசைந்து இயங்கத் தொடங்கியது தெரிந்தது.

மூளையை இப்படி மாற்றுவது பழக்கம். பிள்ளைகளுக்கு அதற்கு நேரம் தரும் கோடை விடுமுறை முக்கியமாவது இங்கேதான். ‘செயல் நினைவு’, அதாவது யோசிக்கும் நேரத்தில் மட்டும் விஷயங்களைப் பிடித்துவைக்கும் நினைவு, ஒரே சமயத்தில் நான்கைந்து துண்டுகளைத்தான் தாங்கும். எழுத்துக்கூட்டவே அது செலவாகிவிட்டால் கதைக்கு மிச்சம் இருக்காது. எழுத்து தானாக ஓடத் தொடங்கினால்தான் மனம் பொருளுக்குப் போகும். அந்த ஓட்டம் பழக்கத்தால் மட்டுமே வரும். நிமிடத்துக்கு 60 சொல் படிக்கிற பிள்ளை தினம் 20 நிமிடம் உட்கார்ந்தால், 40 நாளில் 48,000 சொற்கள்: ஏறக்குறைய இதுபோன்ற தொண்ணூறு கட்டுரைகள். செஞ்சிப் பாறைகள் கொதிக்கும் மே மாத நண்பகலில் வெளியே விளையாட முடியாது. அந்த நேரமே போதும்.

என்ன புத்தகம்? அதைப் பிள்ளையே எடுக்கட்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் ஏழைக் குழந்தைகள் 852 பேருக்கு மூன்று கோடைகளில், அவரவர் விரும்பிய 12 புத்தகங்களை ஒவ்வோர் ஆண்டும் இலவசமாகக் கொடுத்தார்கள். பாடம், தேர்வு எதுவும் கிடையாது. புத்தகம் பெறாத பிள்ளைகளைவிட அவர்களின் வாசிப்பு முன்னேறியது. தமிழ்நாட்டு அரசின் வாசிப்பு இயக்கம் தன் சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ‘நட’ புத்தகத்தை எடுத்தால் தடுக்காதீர்கள். எளிதாக ஓடும் பக்கங்கள்தான் வேகத்தை வளர்க்கும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1988இல் வந்தது. பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியைப் பள்ளி மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாகப் படிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். எழுத்து பாதிதான் சொல்லும். மீதியைப் படிப்பவரின் அறிவு நிரப்பும்.

அப்படிப் பார்த்தால் செஞ்சிப் பிள்ளைகளின் கையிருப்பு பெரியது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து கிடக்கிறது. பாலம் வழியாகத்தான் கடக்க முடியும். ‘பாலத்தை எடுத்துவிட்டார்கள்’ என்று ஒரு கதையில் வந்தால், அந்தப் பிளவை எட்டிப் பார்த்த பிள்ளைக்கு எதிரியின் திண்டாட்டம் உடனே விளங்கும். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருப்பது செஞ்சிக் கோட்டை ஒன்றே. 1677இல் சிவாஜி பிடித்தது, 1714இல் ஆற்காட்டு நவாப் சாதுல்லா கானோடு மோதி செஞ்சி மன்னன் தேசிங்கு மாண்டது, குதிரை நீலவேணி, நண்பன் மகமத்கான் என்று படிக்க எவ்வளவோ இருக்கிறது.

‘பெரிய எழுத்து’ தேசிங்குராஜன் கதையின் பழைய பதிப்பு வீட்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானதாக இருந்தால், துதிக்கை தூக்கிய பழைய ‘லை’, ‘னை’களில் பிள்ளை தடுக்கி நிற்கும். அப்போது தாத்தாவோ பாட்டியோ வாங்கி உரக்கப் படித்துக் காட்டட்டும். காதால் கேட்கும் கதையும் வாசிப்புக்கான சொற்களைச் சேர்க்கிறது. மறுநாள் கோட்டை வாசல் பலகையில் இருப்பதும் பாட்டுக்கதையில் வருவதும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று பிள்ளை கேட்டால், கையைப் பிடித்து நூலகத்தின் வரலாற்று அலமாரிக்குக் கூட்டிப் போங்கள்.