பாரமும் பலமும்

ஒரு சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ. இரண்டு மூட்டை 100 கிலோ. இந்த 100 கிலோவைத் தோளில் தாங்கியபடி ஒரு பெண் உட்கார்ந்து எழ முடியுமா?

முடியும். நம் நாட்டில் பல பெண்கள் இதைச் செய்கிறார்கள். இவர்கள் வலுதூக்கும் வீராங்கனைகள். பெரும்பாலோருக்கு இது தொழில் அல்ல. படிக்கிறார்கள். வேலைக்குப் போகிறார்கள். வீட்டையும் கவனிக்கிறார்கள். மீதி நேரத்தில் பயிற்சி செய்கிறார்கள்.

இந்தப் பலம் ஒரே நாளில் வருவதில்லை. சிறுகச் சிறுகச் சேர்ப்பது. எப்படிச் சேர்க்கிறார்கள்? பார்ப்போம்.

போட்டி எப்படி நடக்கும்?

வலுதூக்குதலை ஆங்கிலத்தில் பவர்லிஃப்டிங் என்பார்கள். இதில் மூன்று வகை உண்டு.

முதலாவது ஸ்குவாட். இரும்புத் தண்டை மேல் முதுகில் தாங்கி, உட்கார்ந்து எழுவது. நம் ஊர் பஸ்கி போன்றது.

இரண்டாவது பெஞ்ச் பிரஸ். பலகையில் மல்லாந்து படுத்து, தண்டை நெஞ்சு வரை இறக்கி மேலே தள்ளுவது.

மூன்றாவது டெட்லிஃப்ட். தரையில் கிடக்கும் தண்டைத் தூக்கி நிமிர்ந்து நிற்பது.

ஒவ்வொரு வகைக்கும் மூன்று வாய்ப்பு தருவார்கள். ஒவ்வொன்றிலும் தூக்கிய அதிக எடையை எடுத்துக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை அதிகம் உள்ளவர் வெற்றி பெறுவார். உடல் எடைக்கு ஏற்பத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஆகவே மெலிந்த பெண் பருத்த பெண்ணோடு மோத வேண்டியதில்லை.

ஸ்குவாட்டுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. உட்காரும்போது இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதியைவிடக் கீழே இறங்க வேண்டும். மூன்று நடுவர்கள் பார்ப்பார்கள். சரி என்றால் வெள்ளை விளக்கு. தவறு என்றால் சிவப்பு விளக்கு. இரண்டு வெள்ளை விளக்காவது எரிய வேண்டும். பாதி மட்டும் இறங்கி எவ்வளவு எடை தூக்கினாலும் பயன் இல்லை.

அதனால்தான் பயிற்சியில் முறை முதலில் வருகிறது. எடை பிறகுதான்.

பயிற்சி தொடங்குவது எப்படி?

முதலில் எடை இல்லாமல் உட்கார்ந்து எழப் பழக வேண்டும். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைக்க வேண்டும். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. முழங்கால் உள்பக்கம் மடங்கக் கூடாது. முதுகு வளையக் கூடாது.

மூச்சும் முக்கியம். இறங்கும் முன் மூச்சை ஆழமாக இழுக்க வேண்டும். வயிற்றை இறுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எழுந்த பிறகு மூச்சை விட வேண்டும். வயிறு இறுகி இருந்தால் முதுகெலும்புக்குக் காவல்.

அடுத்தது வெறும் தண்டு. அதன் எடையே 20 கிலோ. ஐந்து முறை உட்கார்ந்து எழ வேண்டும். இரண்டு, மூன்று நிமிடம் ஓய்வு. மறுபடியும் ஐந்து முறை. இப்படி மூன்று தடவை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் போதும்.

முறை சரியாக வந்த பிறகே எடை கூட்டலாம். பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ தட்டு. மொத்தம் இரண்டரை கிலோ. இது மிகக் குறைவு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் இரண்டரை கிலோ கூட்டினால், 8 வாரத்தில் 20 கிலோ. தண்டோடு சேர்த்து 40 கிலோ.

ஆனால் உடம்பு எப்போதும் கணக்குப்படி நடக்காது. சில மாதம் கழித்து வேகம் குறையும். பிறகு இரண்டரை கிலோ கூட்டவே மாதக் கணக்கில் ஆகலாம். 100 கிலோவை எட்டப் பலருக்கு ஆண்டுகள் ஆகும். அவசரப்பட்டவர் காயம் படுவார்.

இதற்கு ஒரு நோட்டு வேண்டும். தேதி, எடை, எத்தனை முறை என்று தினமும் எழுத வேண்டும். நல்ல வீராங்கனைகள் எல்லாரும் கணக்கு எழுதுகிறார்கள். எழுதி வைத்தால்தான் உடம்பு ஏறுகிறதா, களைக்கிறதா என்று தெரியும்.

தனியாக ஒருபோதும் பாரம் ஏற்றக் கூடாது. தண்டைப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். தசை வலி இரண்டு நாளில் போய்விடும். மூட்டில் சுருக்கென்று குத்தினால் உடனே நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவித்தவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

தட்டில் என்ன இருக்கிறது?

பயிற்சியில் தசை களைக்கிறது. ஓய்வில்தான் வளர்கிறது. வளரச் சாப்பாடும் தூக்கமும் வேண்டும்.

பல வீடுகளில் பெண்கள் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள். பருப்பு தீர்ந்துவிடும். முட்டை ஆண் பிள்ளைக்குப் போய்விடும். இதன் விளைவு என்ன? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது: 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. இரத்தசோகை இருந்தால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். 100 கிலோ தூக்குவது எப்படி?

ஆகவே முதல் வேலை இரத்தப் பரிசோதனை. அரசு சுகாதார நிலையத்தில் செய்துகொள்ளலாம். இரும்புச் சத்து மாத்திரையும் அங்கே கிடைக்கும்.

50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 40 கிராம் புரதம் தேவை. பாரம் தூக்கிப் பழகுபவருக்கு 70 முதல் 80 கிராம் வரை வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 100 கிராம் பருப்பில் 22 கிராம் இருக்கிறது. நிலக்கடலை, கொண்டைக்கடலை, பால், மீன் எல்லாம் நல்லவை. விலை உயர்ந்த மாவு டப்பா கட்டாயம் இல்லை. சீக்கிரம் பலம் வரும் என்று சொல்லி யாராவது ஊசியோ மாத்திரையோ தந்தால் வாங்காதீர்கள். அது உடலைக் கெடுக்கும். போட்டியிலும் தடை உண்டு.

இரண்டு பயங்கள்

"பாரம் தூக்கினால் பெண் ஆண் போல் ஆகிவிடுவாள்" என்பார்கள். அப்படி ஆகாது. ஆண்களின் தசை பெருக்கக் காரணம் டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பு நீர். பெண் உடலில் அது மிகக் குறைவு. பயிற்சியால் பெண்ணுக்குத் தசை உறுதிப்படும். எலும்பும் வலுவடையும். வயதான காலத்தில் எலும்பு தேய்வதைக் குறைக்க அது உதவும்.

"கருப்பை இறங்கிவிடும்" என்றும் சொல்வார்கள். கருப்பை இறங்க முக்கியக் காரணங்கள் பல பிரசவம், கடினமான பிரசவம், வயது. பிரசவித்த சில நாளிலேயே பாரம் சுமக்க வைப்பதும் கெடுதல். ஏற்கெனவே அந்தத் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். செங்கல் சூளையில் பெண்கள் நாள் முழுதும் கல் சுமக்கிறார்கள். மலைக் கிராமங்களில் விறகும் புல்லும் சுமக்கிறார்கள். அப்போது "பெண்ணுக்கு ஆகாது" என்று யாரும் தடுப்பதில்லை. அங்கே எடைக்கு அளவில்லை. ஓய்வில்லை. வயிறு நிறையச் சாப்பாடும் இல்லை. அந்தச் சுமை உடம்பைத் தேய்க்கிறது. பயிற்சியில் எடைக்கு அளவு உண்டு. ஓய்வு உண்டு. சாப்பாடு உண்டு. அது உடம்பை வளர்க்கிறது.

வழி காட்டியவர்கள்

ஒலிம்பிக்கில் வலுதூக்குதல் இல்லை. பளுதூக்குதல் உண்டு. அதில் எடையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். அந்த வீராங்கனைகளும் கால் பலத்துக்கு ஸ்குவாட் செய்கிறார்கள்.

ஆந்திரத்தைச் சேர்ந்தவர் கர்ணம் மல்லேஸ்வரி. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் 110 கிலோவும் 130 கிலோவும் தூக்கினார். வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் இவர்தான்.

மணிப்பூரைச் சேர்ந்தவர் மீராபாய் சானு. சிறு வயதில் விறகு சுமந்தவர். 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றார்.

நாம் எல்லாரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. நம் பெண் பிள்ளை "நானும் தூக்கிப் பழகுகிறேன்" என்று கேட்டால் தடுக்க வேண்டாம். நல்ல பயிற்சியாளரிடம் சேர்ப்போம். அவள் தட்டில் ஒரு முட்டை கூட வைப்போம்.

கணக்குப் போடுவோம், பேசுவோம்

1. தண்டின் எடை 20 கிலோ. பக்கத்துக்கு 15 கிலோ தட்டு மாட்டினால் மொத்தம் எவ்வளவு?

2. உங்கள் வீட்டுக் குடத்தில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும்? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு நாளில் எத்தனை கிலோ சுமக்கிறீர்கள்?

3. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? ஏன்?