பெயர் மாற்றம் தனி, திருத்தம் தனி

டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேள் தம்பி. 3,000 கோப்புகளை ஜாவாஸ்கிரிப்டிலிருந்து டைப்ஸ்கிரிப்டுக்குப் பெயர் மாற்ற, லூப் போட்டு ஒவ்வொன்றுக்கும் 'கிட் எம்வி' கொடுத்திருக்கிறாய். இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கட்டளை சரிதான், அதை 3,000 முறை கூப்பிடுவதுதான் சுமை.

கிட்டிடம் 'இண்டெக்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. ரெப்போவில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் அதில் ஒரு பதிவு. நீ ஒரே ஒரு பெயரை மாற்றினாலும் கிட் அந்த இண்டெக்ஸை முழுசாகப் படித்து, முழுசாகத் திரும்ப எழுதுகிறது. ரெப்போவில் 40,000 கோப்புகள் என்றால் உன் லூப் முடிவதற்குள் 12 கோடிப் பதிவுகள் எழுதியாக வேண்டும். லூப்பில் சாதாரண 'எம்வி'யைப் போடு, கடைசியில் ஒரே ஒரு முறை 'கிட் ஆட்'டை 'ஆல்' என்று கொடு. அதற்கு முன்னால் 'கிட் ஸ்டேட்டஸ்' பார்த்துவிடு. பாதியில் நிற்கும் வேறு வேலை இருந்தால் அதுவும் சேர்ந்து ஏறிவிடும்.

அப்படியானால் பெயர் மாறியது கிட்டுக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? 'கிட் எம்வி' கொடுத்தாலும் அது எங்கேயும் குறித்துவைப்பதில்லை. கிட் மாதிரியே இன்னொரு கருவியான மெர்க்கூரியல் குறித்துவைக்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட்டை எழுதியபோதே வேறு வழி எடுத்தார். உள்ளடக்கத்துக்கு ஒரு ஹாஷ், பெயர் அதற்கு வெளியே. சமையலறை டப்பாவில் சீட்டை மாற்றி ஒட்டினாலும் உள்ளே இருப்பது அதே துவரம்பருப்புதானே, அந்த மாதிரி. நீ வரலாற்றைக் கேட்கும்போதுதான் கிட் உள்ளே எட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். உள்ளடக்கம் அப்படியே இருந்தால் ஹாஷும் அதேதான், எத்தனை ஆயிரம் கோப்பானாலும் சட்டென்று ஜோடி சேர்ந்துவிடும். எல்லாவற்றிலும் ஓர் எழுத்தாவது மாறிவிட்டால், பழையது ஒவ்வொன்றையும் புதியது ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டும். 3,000 பெருக்கல் 3,000, அதாவது 90 லட்சம் ஒப்பீடு. 'டிஃப்' அவ்வளவு தூரம் போகாது. 2021இல் வந்த ஒரு பதிப்பிலிருந்து அதன் வரம்பு 1,000 கோப்பு, அதற்கு முன் 400. தாண்டினால் தேடலை விட்டுவிட்டு, 3,000 கோப்பு அழிந்தது, 3,000 கோப்பு புதிது என்று காட்டும். ரிவ்யூ செய்பவர் என்னத்தைப் படிப்பார்? பத்து வரிக் கோப்பில் ஏழு வரி மாற்றினாலோ வரம்பைத் தாண்டவே தேவையில்லை. ஒற்றுமை பாதிக்குக் கீழே போனதும் அது வேறு கோப்பாகிவிடும், அதன் பழைய கதை அன்றோடு அறுந்துபோகும்.

அதனால் முதல் கமிட்டில் பெயர் மட்டும் மாறட்டும். இம்போர்ட், டைப் எல்லாம் அடுத்த கமிட்டில். முதல் கமிட்டில் பில்ட் உடையலாம். ஒவ்வொரு கமிட்டிலும் பில்ட் ஓட வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன்தான், ஆனாலும் இந்த ஒன்றுக்கு விட்டுக்கொடுப்பேன். மெர்ஜ் செய்யும்போது 'ஸ்க்வாஷ்' பட்டனை மட்டும் தொடாதே, இரண்டும் ஒன்றாகி நீ பிரித்ததே வீணாகும்.

பிராஞ்ச் வைத்திருப்பவர்களிடமும் இன்றைக்கே சொல்லிவிடு: முதலில் பெயர் மாற்றிய கமிட்டை மட்டும் இழுத்து மெர்ஜ் செய்யட்டும், மற்றது பிறகு. ஏனென்றால் மெர்ஜ் இடையில் உள்ள கமிட்டுகளைப் பார்ப்பதில்லை, இரண்டு முனைகளையும் அவை பிரிந்த இடத்தையும்தான் பார்க்கும்; இரண்டையும் சேர்த்து இழுத்தால் நீ பிரித்தது அதற்குத் தெரியாது.