மண்ணுக்குள் ஓர் அருங்காட்சியகம்

தில்லியில் உமாயூன் கல்லறை இருக்கிறது. பெயர்தான் கல்லறை. பார்த்தால் அரண்மனை போல இருக்கும். மொகலாய மன்னர் உமாயூன் 1556-ல் இறந்தார். படியில் தவறி விழுந்து அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி பேகா பேகம் இதைக் கட்டச் செய்தார். சிவப்புக் கல் சுவர். மேலே வெள்ளைப் பளிங்குக் குவிமாடம். உயரம் சுமார் 47 மீட்டர். தாஜ்மகாலுக்கு முன்னோடி இதுதான். 1993-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதைப் பார்க்க நாள்தோறும் கூட்டம் வருகிறது. கட்டியது யார், எப்படிக் கட்டினார்கள் என்று வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். பழைய பொருள்களைக் காட்ட வேண்டும். அதற்கு ஓர் அருங்காட்சியகம் தேவைப்பட்டது. மியூசியம் என்கிறோமே, அதுதான்.

ஆனால் பக்கத்தில் நான்கு மாடிக் கட்டடம் எழுப்பினால் என்ன ஆகும்? குவிமாடம் மறைந்து போகும். பார்க்க வந்ததையே மறைப்பதற்கா மியூசியம்?

சட்டமும் இருக்கிறது. மத்திய அரசு பாதுகாக்கும் பழஞ்சின்னத்தின் எல்லையில் இருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்ட முன் அனுமதி வேண்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தம் இப்படிச் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் பக்கத்தில் குடியிருப்பவருக்கும் இதே சட்டம்தான். 100 மீட்டருக்குள் இருக்கும் பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம். அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். மக்களுக்கு இது சிரமம்தான்.

தில்லியில் என்ன செய்தார்கள்? மேலே எழுப்பவில்லை. கீழே தோண்டினார்கள். கல்லறைக்கும் சுந்தர் நர்சரி என்னும் பூங்காவுக்கும் நடுவே, தரைமட்டத்துக்குக் கீழே மியூசியத்தை அமைத்தார்கள். பரப்பு சுமார் 1 லட்சம் சதுர அடி. ஆனாலும் குவிமாடத்தை அது மறைக்கவில்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? வடநாட்டில் 'பாவோலி' என்னும் படிக்கிணறுகள் உண்டு. படியில் இறங்கிப் போய்த் தண்ணீர் எடுப்பார்கள். அருகில் நிஜாமுதீன் தர்காவில் சுமார் 700 ஆண்டுப் பழமையான பாவோலி இருக்கிறது. அப்படிப்பட்ட கிணறுகளை மாதிரியாகக் கொண்டார்கள். மியூசியத்துக்குள் போக, சரிவான பாதையில் இறங்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவரும் போகலாம்.

மண்ணுக்குள் கட்டுவது எளிய வேலை அல்ல. ஈரம் கசியக் கூடாது. காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும். மழைநீர் வெளியேற வழி வேண்டும். இந்த மியூசியத்துக்கு 2015-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2024 ஜூலையில்தான் திறந்தார்கள்.

உள்ளே ஒரு கலசம் இருக்கிறது. கல்லறையின் குவிமாடத்து உச்சியில் இருந்த அதே கலசம். உள்ளே மரம், மேலே தங்கம் பூசிய செம்பு. உயரம் 18 அடி. 2014 மே மாதம் அடித்த புயல்காற்றில் அது கீழே விழுந்தது. 2016-ல் உச்சியில் புதுக் கலசம் வைத்தார்கள். பழையதை மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். முன்பு கீழே இருந்து அண்ணாந்து பார்த்த கலசத்தை இப்போது அருகில் நின்று பார்க்கலாம்.