ஆறு தரிப்பிடங்கள் தள்ளி ஒரு வயலின் வீதி

ரூ காயிலும் அதனை அண்டிய வீதிகளிலும் வயலின் பெட்டியுடன் செல்லும் எம் பிள்ளைகளைக் காணும்போது மனம் மகிழ்கின்றது. ஆயின் அப்பெட்டிக்குள் இருக்கும் வாத்தியத்தின் நிலையைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. அரங்கேற்றத்திற்கு மண்டபமும் பட்டுச்சேலையும் தேடி அலையும் நாம், நான்கு தந்திகளை மாற்றத் தயங்குகின்றோம். குதிரை உயர்ந்து நின்றால் பிள்ளையின் விரல் நோகும். பிரடை வழுக்கினால் சுருதி நில்லாது. "பிள்ளைக்கு விருப்பமில்லை" என்று வகுப்பை நிறுத்துமுன், வாத்தியத்தை அறிந்தவரிடம் ஒருமுறை காட்டுதல் நன்று.

அவர்கள் தொலைவில் இல்லை. லா சப்பலில் இரண்டாம் இலக்க மெத்ரோவில் ஏறினால் ஆறாவது தரிப்பிடம் 'ரோம்'. அங்கிருந்து சென் லசார் நோக்கி இறங்கும் ரூ து ரோம் வீதியில் வயலின் செய்வோரும் திருத்துவோருமாகிய 'லூத்தியே'க்களின் கடைகள் வரிசையாக உள்ளன. பாரிஸின் தேசிய இசைக் கல்லூரி 1911 முதல் 1990 வரை அருகிலுள்ள ரூ து மத்ரித்தில் இயங்கியமையால் வளர்ந்த வீதி அது. கண்ணாடிக் கதவைக் கண்டு கூச வேண்டியதில்லை. செலவு மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறலாம். வளரும் பிள்ளைக்கு அரை, முக்கால் அளவு வயலின்களை மாத வாடகைக்குத் தருவோரும் உளர்.

லூத்தியே முதலில் நோக்குவது குதிரையை. அதன் உயரமும் வளைவும் சரியானால் பாதி வேலை முடிந்தது. அடுத்தது, உள்ளே பசையின்றி நிற்கும் சிறு மரத்தண்டு. அது சற்று நகர்ந்தாலும் நாதம் மாறும். பிரெஞ்சு மொழியில் அதற்கு 'ஆன்மா' என்றே பெயர்! தந்திகளின் அழுத்தமே அதனை நிறுத்தி வைத்திருக்கின்றது. ஆகவே நான்கு தந்திகளையும் ஒருசேரக் கழற்றலாகாது. ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டும்.

ஒன்றை மட்டும் நாமே சொல்ல வேண்டும். ஐரோப்பியர் தம் முறைப்படியே சுருதி கூட்டிப் பார்ப்பர். எமது ஸ-ப-ஸ-ப முறையில், ஐந்து கட்டைக்கு முதலிரு தந்திகள் மட்டும் ஒரு முழுச்சுரம் இறங்கும். இரண்டரைக் கட்டைக்கோ நான்கும் நான்கு முதல் ஆறு அரைச்சுரங்கள் வரை இறங்கித் தளர்ந்துவிடும். தளர்ந்த தந்தியில் கமகம் தெளியாது. எனவே பிள்ளையின் கட்டையைக் கூறி, அதே சுருதியில் குதிரையைச் சரிபார்க்கக் கேட்க வேண்டும். நாம் அமர்ந்து வாசிப்பதையும் காட்டுதல் நலம்.

தந்தியில் மூவகை உண்டு. குடல் தந்தி இனியது, ஆனால் காலநிலைக்கு ஏற்பச் சுருதி மாறும். உருக்குத் தந்தி மலிவானது, நிலையானது, சற்றுக் கூர்மையாக ஒலிக்கும். செயற்கை இழைத் தந்தி இரண்டிற்கும் இடைப்பட்டது. வியன்னாவின் தொமாஸ்டிக் நிறுவனம் 1970 இல் வெளியிட்ட 'டொமினன்ட்' இவ்வகையில் பெயர்பெற்றது. மென்மை, நடுத்தரம், வன்மை என மூன்று இழுவிசைகளில் கிடைக்கின்றது. தாழ்ந்த சுருதியில் வாசிப்போர் வன்மையானதைக் கேட்டுப் பார்க்கலாம். தொடக்க மாணவருக்கு நடுத்தரம் போதும் என்பது எம் கருத்து.

குளிர்காலத்தில் வீட்டு வெப்பமூட்டியின் அருகே வயலினை வைக்க வேண்டாம். மரம் வரண்டு சுருங்கினால் பிரடை வழுக்கும், விளிம்பு ஒட்டு விடும். விட்ட ஒட்டைக் கடைப்பசையால் ஒட்டாது அப்படியே லூத்தியேயிடம் கொண்டு செல்லுங்கள். அவர் பயன்படுத்தும் விலங்குப் பசை, மரம் பிளவுபடுமுன் தான் விட்டுக்கொடுப்பதற்கென்றே இடப்படுவது.