களத்துத் தூசியும் சுவாசக் குழாயின் காவலணுக்களும்

சம்பா அறுவடையான பின் கூடுவாஞ்சேரிப் பக்கத்துச் சிற்றூர்களில் நெல் தூற்றுங் காலத்து, களத்தில் நிற்போரின் மூச்சோடு பதர்த்தூளும் சுணையும் பூஞ்சக்காளமும் உட்செல்கின்றன. எனினும் பெரும்பாலோர்க்கு இவற்றால் தீங்கு நேரிடுவதில்லை. அதன் காரணத்தைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

பெருந்தூசி மூக்கிலேயே தங்கிவிடும். அதற்குத் தப்பியது சுவாசக் குழாயின் உட்சவ்விலுள்ள கோழையில் ஒட்டிக்கொள்ளும். அச்சவ்வின் நுண்மயிர்கள் ஒரே திசையில் அசைந்து, கோழையைத் தொண்டைக்குத் தள்ளுகின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறாக்கினால் ஐந்து கூறுக்குட்பட்ட நுண்தூசியே நுரையீரலின் காற்றறைகளை அடையும். அங்கே நுண்மயிர்கள் இல்லை. விழுங்கணுக்களே காவல் புரிகின்றன. இவை தூசியையும் கிருமிகளையும் விழுங்கி ஜீரணிக்க முயல்கின்றன. அணுக்கள் இவ்வாறு விழுங்குதலை 1882-ம் வருஷத்தில் நட்சத்திர மீனின் இளம் பருவத்தில் கண்டு விளக்கிய மெச்னிகாவ் என்னும் ருஷிய அறிஞர், 1908-ல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

இக்காவல் இருவகையில் பிழைபடும். ஒன்று, காவலன் தோற்பது. க்ஷயரோகக் கிருமியை விழுங்கணு விழுங்கினாலும் சில வேளைகளில் கொல்ல இயலாது; கிருமி அதனுள்ளேயே பெருகும். டாக்டர் சௌரி முத்து 1928-ல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் இந்நோய்க்கென்றே அமைந்தது. பின்னர் அரசாங்கத்தின் வசமாகி, இந்நாளில் நெஞ்சக நோய் மருத்துவமனையாக நடைபெறுகின்றது.

மற்றொன்று, காவல் மிகுவது. ஈரத்துடன் போரிட்ட வைக்கோல் சூடேறி, அதில் நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றின் தூளைப் பலகாலும் சுவாசித்த சிலருக்குக் காவலணுக்கள் அளவுமீறித் திரண்டு, நுரையீரலையே புண்படுத்துகின்றன. 1932-ல் இங்கிலாந்தில் காம்பெல் என்னும் மருத்துவர் இந்நோயை விவரித்தார். போரைப் பிரித்த நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் குளிரும் ஜுரமும் வறட்டிருமலும் மூச்சுத்திணறலும் காணும். ஓரிரு நாளில் தணிவதால் சாதாரண ஜுரமென்று விட்டுவிடுவர். மேன்மேலும் நேர்ந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். பின்னர் அது பழைய நிலைக்கு மீளாது.

ஆதலால் கைக்கொள்ளத் தக்கவை:

1. வைக்கோலை நன்றாக உலர்த்தி, மேட்டுப் பாங்கான இடத்தில் போரிடுக.

2. பூஞ்சக்காளம் பிடித்ததைக் கொட்டகைக்குள் உதறாமல், வெளியில் நீர் தெளித்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று பிரித்திடுக.

3. மேல்துண்டு நுண்தூசியை முற்றும் தடாது. தூசி வடிக்கும் முகக்கவசம் அணிக.

4. பீடி, சுருட்டு இவற்றின் புகை நுண்மயிர்களை முடக்குமாதலால் விலக்குக.

5. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைப் பரிசோதித்துக் கொள்க. இதற்குக் கட்டணமில்லை.