வரிப்பாக்கியும் ஏலத்தின் மிச்சமும்

வரி செலுத்தத் தவறியவரின் வீட்டை ஏலம் கூற அரசுக்கு உரிமை உண்டு. அதில் ஐயமில்லை. ஏலத்தொகையில் பாக்கி போக மிஞ்சுவது யாருக்கு உரியது? அமெரிக்காவில் இதற்கு நாடு முழுமைக்கும் பொதுவான விடை 2023-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

அந்நாட்டில் சொத்துவரியைப் பெரும்பாலும் தண்டுவது 'கவுண்டி' என்னும் ஆட்சிப் பிரிவு. ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. பள்ளியும் பாதையும் காவலும் இவ்வரியை நம்பியே நடக்கின்றன. ஆதலால் பாக்கியை நெடுநாள் விட்டுவைக்க இயலாது. வசூலிக்கும் முறையோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. புளோரிடாவில் முதலில் விற்கப்படுவது வீடன்று, பாக்கியே. அதைச் செலுத்த முன்வருவோரிடையே ஏலம் நடக்கும். விந்தை என்னவெனில், அந்த ஏலம் ஏறுவதில்லை, இறங்குகிறது. வட்டி நூற்றுக்கு 18 எனத் தொடங்கி, மிகக் குறைந்த வட்டிக்கு இசைபவருக்கே சான்றிதழ் கிடைக்கும். வீட்டுக்காரர் பாக்கியை வட்டியுடன் அடைத்தால் வீடு தப்பியது. ஈராண்டு கடந்தும் அடைக்காவிடில், சான்றிதழ் உடையவர் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரலாம்.

மின்னசோட்டாவில் இவ்வாறு இடையில் புகுவார் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், பொதுவாக மூன்றாண்டு மீட்புத் தவணை. அதுவும் கழிந்தால் சொத்து மாநிலத்தைச் சேரும். மினியாபொலிஸ் நகர மூதாட்டி ஒருவர் 2010-இல் தம் அடுக்குமாடி வீட்டை விட்டு முதியோர் குடியிருப்புக்குச் சென்றார். விட்டுச் சென்ற வீட்டுக்கு வரி கட்டுவாரில்லை. 2015-க்குள் வரிப்பாக்கி ஏறத்தாழ 2,300 டாலர். வட்டியும் அபராதமுமோ 13,000 டாலர்! ஹென்னபின் கவுண்டி வீட்டை 40,000 டாலருக்கு விற்றது. பாக்கி போக மிஞ்சிய 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. அம்மாநிலச் சட்டம் அதற்கு இடமளித்தது.

மூதாட்டி வழக்காடினார். கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. அவருக்கு 94 வயதானபோது, 2023 மே 25 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றனர். இழப்பீடின்றித் தனியார் சொத்தை எடுக்கலாகாது என்பது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தம். பாக்கிக்கு மேல் எடுப்பதும் அத்தகைய பறிப்பே என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். 1215-ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவையும் சான்றுக்கு அழைத்தார். நிலவரிப் பாக்கிக்கு நிலத்தை விற்றால் மிச்சத்தை உடையவரிடமே சேர்க்கவேண்டும் என்று நம் சென்னை மாகாணத்தின் வருவாய் வசூல் சட்டம் 1864-லேயே கூறிவிட்டது என்பதையும் இங்கே நினைக்கலாம்.

ஆயினும் உரிமை வேறு, அது கைக்கு வந்து சேர்வது வேறு. மிச்சிகன் மாநிலம் 2020-இல் இயற்றிய சட்டம் மிச்சத்தைக் கோர வழிசெய்தது. ஆனால் சொத்து கைமாறியதை அடுத்து வரும் ஜூலை 1-க்குள் அதற்குரிய படிவத்தைக் கொடுத்தாக வேண்டும் என்றும் விதித்தது. வரி அறிவிப்பையே பிரித்துப் படிக்க இயலாமல் வீட்டை இழந்த முதியவர்தாம் அந்தப் படிவத்தையும் நிரப்பவேண்டும்.